இரண்டாம் வாய்

வெள்ளோடையில் முதன்முதலாகப் பேசியது டீக்கடை ஆவுடையப்பனின் காலிச் சீனி டப்பா. ஆவணி பிறந்து ஏழெட்டு நாள் இருக்கும். காலை ஆறு மணிக்கு அவர் மூடியைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டபோது, பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் சொல்லுமே அந்த மாதிரி, ஆணா பெண்ணா என்று பிரிக்கமுடியாத ஒரு குரல் டப்பாவின் அடியிலிருந்து, "கேட்டது இங்கே இல்லை" என்றது. ஆவுடையப்பன், "அதான் எனக்கே தெரியுதே, நீ வேற சொல்லணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே மூட்டையைப் பிரித்து இரண்டு கிலோ சீனியைக் கொட்டினார். டப்பா வாயை மூடிக்கொண்டது. டீக்கு நின்ற நாலு பேரும் அதைக் கேட்டார்கள். அதில் ஒருவர் தன் டீயில் சீனி கம்மி என்று குறை சொன்னார்.

அன்று பொழுது சாய்வதற்குள் தண்ணீர் தீர்ந்த குடமும், எண்ணெய் தீர்ந்த தூக்கும், அரிசி தீர்ந்த டின்னும், கல்யாணமாகிப் போனவள் விட்டுப்போன பவுடர் டப்பாவும், சுருக்கமாகச் சொன்னால் ஊரில் எதெது காலியோ அதது பேச ஆரம்பித்துவிட்டது. பேசியது மூன்றே வார்த்தைகள்தான். "கேட்டது இங்கே இல்லை." "உமக்கு அனுமதி கிடையாது." "மறுமுனையில் யாரும் இல்லை." ஒரு பாத்திரத்துக்கு ஒன்றுதான் வரும், அதுவும் பாதியில் அறுந்து வரும். முதல் வாரம் இதைக் குறி என்று நினைத்தார்கள். துபாய் விசாவுக்கு எழுதிப்போட்டிருந்த சுடலைக்கண்ணு, காலிப் பெட்டியைத் திறந்ததும் "உமக்கு அனுமதி கிடையாது" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தான். நாலாம் நாள் விசா வந்துவிட்டது. அதோடு பாத்திரம் சொல்வதைக் குறியாக எடுத்துக்கொள்வது நின்றது. தன் பிழைப்பில் மண் விழுந்ததோ என்று பயந்திருந்த கோவில் சாமியாடிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

முதல் இரண்டு வார்த்தைகளோடு ஊர் சமாதானமாகிப் போயிற்று. மூன்றாவதுதான் ஆகவில்லை. மகன் கப்பலில் இருக்கிறவளும், தொட்டில் கட்டியும் பிள்ளை தங்காதவளும், புருசனைப் பறிகொடுத்தவளும், சும்மா ஒரு செம்பை எடுக்கப்போய் "மறுமுனையில் யாரும் இல்லை" என்று கேட்டுவிட்டு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் யாரோ கண்டுபிடித்தார்கள், உள்ளே ஒரு கல்லைப் போட்டுவிட்டால் பாத்திரம் காலி இல்லை, பேசாது. ஆற்றுக்குப் போய்க் கூழாங்கல்லை மடியில் கட்டி வந்தார்கள். பாத்திரக்கடைக்காரர் குடம் வாங்கினால் கல் இனாம் என்றார். சீர்வரிசைத் தாம்பாளத்தில் பித்தளைப் பானையோடு அதற்கு அளவான ஒரு கல்லும் மஞ்சள் தடவி வந்தது. வழியில் பார்த்தால் "சாப்ட்டாச்சா?" என்று கேட்கிற ஊர், "கல்லுப் போட்டாச்சா?" என்றும் கேட்கப் பழகிக்கொண்டது. பாத்திரங்கள் ஏன் பேசுகின்றன என்று மட்டும் ஒரு ஆளும் கேட்கவில்லை.

கேட்காமலே தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். வெள்ளோடை அணையின் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் பார்க்கும் செண்பகவல்லி. ஊர் முழுக்கச் செம்பகம் என்று கூப்பிடும். தன் வீட்டுக் குடம் முதல் தடவை வாய் திறந்த அன்றே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, ஏனென்றால் அந்த மூன்று வார்த்தைகளும் அவளுக்குத் தெரிந்தவை. திரையில் இங்கிலீஷில் பார்த்துப் பார்த்துச் சலித்தவை. அது எப்படித் தமிழில் வந்தது என்று கேட்டால், வெள்ளோடைக் குடத்துக்கு வேறு எந்தப் பாஷை தெரியும்? ஊருக்கு முன்னாலேயே, யாருக்கும் சொல்லாமல், தன் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் கல்லைப் போட்டவள் அவள்தான்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஓடுகிற எந்த வேலைக்கும் இரண்டு வாய் உண்டு. ஒன்றாம் வாய் செய்ததைச் சொல்லும். இரண்டாம் வாய் செய்யமுடியாமல் போனதைச் சொல்லும், ஐயோ இது இல்லையே, அது கிடைக்கலையே என்று. நாமாக ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டு வாயும் ஒரே திரையில்தான் பேசும், எது எதன் பேச்சு என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. வேண்டுமானால் ஒரு அம்புக்குறி போட்டு ஒன்றாம் வாயை ஒரு கோப்புக்குள் திருப்பிவிடலாம், இரண்டாம் வாயை இன்னொரு இடத்துக்குத் திருப்பலாம். பேச்சே வேண்டாம் என்றால், அதற்கும் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். டெவ் நல் என்று பேர். ஒன்றுமில்லாத இடம். அதற்குள் எதைத் தள்ளினாலும் போனது போனதுதான், அப்படித்தான் செம்பகம் படித்தாள், அப்படித்தான் உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. ஒன்றுமில்லாத இடம் என்று தனியாக எங்கேயும் கிடையாது, அது அவரவர் வீட்டு அடுப்படியில் குடமும் செம்புமாக இருக்கிறது என்பது வெள்ளோடைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியவந்தது.

அணையிலிருந்து தண்ணீர் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஆற்றங்கரைச் சைரனை ஊதவைப்பதும், அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை சைரனைக் கூப்பிட்டு, நீ இருக்கியா என்று கேட்பதும் செம்பகம் எழுதிவைத்த நாலு வரியின் வேலை. ஆடி இரண்டாம் தேதி அணில் கடித்தோ என்னவோ ஆற்றங்கரை வயர் அறுந்தது. இரண்டாம் வாய் கத்த ஆரம்பித்தது, கத்தியதெல்லாம் மெயிலாகி உதவிப் பொறியாளர் அருமைநாயகத்தின் போனுக்குப் போயிற்று. மறுநாள் காலை அவர் கண் சிவந்து வந்தார்.

"ஏம்மா, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு மெயிலு! எம்பொண்டாட்டி போனைத் தூக்கித் தண்ணித் தொட்டியில போட்டுருவேங்கா. அதை மொதல்ல நிறுத்தும்மா."

"சார், வயரு அறுந்திருக்கு. சைரன் ஊதாது சார்."

"லைன்மேனுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வாரான். ஒரு நாளைக்கு அது வாயை அடைச்சா ஊரு முழுகிராது."

செம்பகம் வரியின் கடைசிக்குப் போனாள். இரண்டாம் வாய்க்கு ஒரு இரண்டு, ஒரு அம்புக்குறி, ஒன்றுமில்லாத இடத்தின் பேர். அவ்வளவுதான், சாரின் போன் அமைதியாகிவிட்டது. லைன்மேன் வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். லைன்மேன் வரவில்லை. அமைதியாக இருக்கிற ஒன்றை யாருக்கு ஞாபகம் இருக்கும், சொல்லுங்கள்?

ஆடி இருபது, செவ்வாய்க்கிழமை, முத்தாரம்மன் கோவில் கொடைத் திருவிழா. தெருவுக்கு நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்ததில், பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கேட்கவில்லை. மலையில் கொட்டிய மழையில் அணை நிரம்பி, பதினொன்று ஐம்பதுக்கு மதகைத் திறந்தார்கள். ஆற்று மணலில் இருநூறு வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்த இசக்கிராசுவைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. மூன்றாம் நாள் வாத்துகள் நடந்தே ஊருக்குத் திரும்பி வந்தன. அதே நாளில் பாலத்துக்குக் கீழே நாணலில் இசக்கிராசு கிடைத்தான். அவன் கொண்டுபோன தூக்குச்சட்டி முள்ளில் மாட்டியிருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் பதிவைப் பார்த்தார்கள். "11.40. சைரன் ஊதப்பட்டது" என்று சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? ஊதச் சொல்கிற வரிக்கு அடுத்த வரியாக, ஊதியதா இல்லையா என்று பார்க்காமலே, ஊதப்பட்டது என்று எழுதச் சொல்லி வைத்தவள் செம்பகம்தானே. ஒன்றாம் வாய்க்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது சொல்லும். பதிவில் இருக்கிறது என்றதும் ஊருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "ஆமா, மேளச் சத்தத்துக்கு நடுவுல ஊங்குன்னு கேட்டுச்சே" என்றார் ஆவுடையப்பன். "நானும் கேட்டேன்" என்றான் சுடலைக்கண்ணு. ஒரு வாரத்தில் ஊரே கேட்டிருந்தது. சைரன் ஊதியும் ஏறி வராத ஆள் குடித்துவிட்டுக் கிடந்திருப்பான் என்றார்கள். இசக்கிராசுவைத் தண்ணீர் கொண்டுபோன அன்றைக்கே செம்பகம் அந்த அம்புக்குறியை அழித்தாள், லைன்மேனும் வந்து வயரைக் கட்டினான். ஆனால் ஏற்கனவே உள்ளே தள்ளியது, பதினெட்டு நாள் கத்தல், அது உள்ளேதானே இருந்தது.

இசக்கிராசுவின் பெண்டாட்டி முப்புடாதிக்கு மட்டும் தெரியும் அவன் குடிக்கமாட்டான் என்று. அதனால் அவளுக்கு வந்த நினைப்பு அதைவிடக் கொடுமை. அவன் போன அன்று காலையில் ஒன்றுமில்லாத ஒரு விஷயத்துக்குச் சண்டை. சோறு கட்டித் தரமாட்டேன் என்றாள். அவன் பழக்கதோஷத்தில் காலித் தூக்கையே எடுத்துக்கொண்டு படியிறங்கினபோது, "போயித் தொலை" என்றாள். அவன் சைரனைக் கேட்டான், கேட்டுக்கொண்டே மணலில் நின்றான், நான் சொன்னபடி தொலைந்தான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். செம்பகத்துக்கு அடுத்த வீடு அவள். பதினைந்து வருடமாகக் குழம்பு மாற்றிக்கொள்கிற வீடு. "அவுக கேட்டுட்டேதான நின்னிருப்பாக, செம்பகம்?" என்று அவள் சுவரைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம், செம்பகத்தின் வாய் வரைக்கும் உண்மை வரும். "அப்படில்லாம் இருக்காதுக்கா, மனசைப் போட்டு உழப்பாதீய" என்பாள். வந்தது திரும்பி உள்ளே போய்விடும்.

ஐப்பசியில் ஊரில் கல் போடாத பாத்திரமே இல்லை என்று ஆனபோதுதான் வினை பிடித்தது. ஆயிரம் குடத்தில் சிதறிக் கிடந்த பேச்சுக்குப் போக இடமில்லாமல், அது முழுவதும் முப்புடாதி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டில்தான் எல்லாம் காலி. அவள் உலை வைப்பதே நாலு நாளுக்கு ஒரு தடவை. கல்லும் போடமாட்டேன் என்றுவிட்டாள், எந்தக் குடத்திலாவது அவன் பேசமாட்டானா என்ற நப்பாசை. அங்கே பாத்திரங்கள் குறைவு என்பதால் வார்த்தை அறுந்து வரவில்லை. தேதியோடு வந்தது, மணியோடு வந்தது, அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தது.

"ஏட்டி, நீ கம்ப்யூட்டர் படிச்சவ, இது என்னட்டி சொல்லுது?" என்று அவள் கூப்பிட்டுக் காட்டிய அன்று, குடம், "ஆடி ஒன்பது, ஏழு பத்து, மறுமுனையில் யாரும் இல்லை" என்றது.

செம்பகம் விரல்விட்டுப் பார்த்தாள். நாளுக்கு ஒரு தேதி. இன்னும் பதினோரு நாளில் ஆடி இருபது வந்துவிடும். "ஒண்ணுமில்லக்கா, சும்மா எதிரொலி" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் செய்ததை ஊர் பார்த்துவிட்டுப் பாராட்டியது. வேலை முடிந்து வரும்போது மடி நிறையக் கல்லோடு வந்தாள். முப்புடாதிக்கு ஆறுதல் சொன்னாள், தலைவாரிவிட்டாள், அவள் கண்ணயரும் நேரம் பார்த்து ஒரு குடத்தில் கல், மறுநாள் ஒரு செம்பில் கல், அதற்கு மறுநாள் வாத்து முட்டைக் கூடையில் கல். "கூடப்பிறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. ஆனால் ஒரு பாத்திரத்தை அடைக்க அடைக்க, மிச்சம் இருக்கிற பாத்திரத்தில் குரல் தெளிவாகிக்கொண்டே வந்தது. ஊர் செய்ததையேதான் தானும் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அந்தப் பாவிக்கு உறைக்கவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான், முள்ளில் மாட்டிக் கிடந்த அந்தத் தூக்குச்சட்டி. அதில் கைவைக்கப் போனபோது முப்புடாதி விருட்டென்று பிடுங்கிக்கொண்டாள். "இதுல மட்டும் போடாத. நான் காலியா அனுப்பிவிட்டது. காலியாத்தான் இருக்கும்."

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு முப்புடாதி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். அவசரமாகக் கூப்பிடவில்லை, சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். லீவு சொல்லிவிட்டுப் போனாள். மடியில் கடைசியாக ஒரு கல் இருந்தது. முப்புடாதி தரையில் உட்கார்ந்திருந்தாள், எதிரே தூக்குச்சட்டி, மூடி தனியாக.

"உக்காரு. கேளு" என்றாள்.

தூக்குச்சட்டி சொன்னது. "ஆடி இருபது, பத்து முப்பத்தஞ்சு. சைரனைக் கூப்பிட்டேன். மறுமுனையில் யாரும் இல்லை."

"இன்னைக்குக் காலையிலேர்ந்துதான் சைரன்ங்கிற பேரு வருது" என்றாள் முப்புடாதி. "ஆடி இருவது அவுக போன நாளு. அன்னைக்குச் சைரனைக் கூப்பிட்டது யாரு? எதுக்கு அது இல்லங்குது? நீ எதிரொலின்ன."

பத்து நாற்பதுக்குத் தூக்குச்சட்டி ஒரு தடவை சொல்லிற்று. பத்து நாற்பத்தஞ்சுக்கு ஒரு தடவை. அக்கா இது வேற ஊர்ச் சைரன், அக்கா இது லைன் கோளாறு, என்று பத்துப் பொய் செம்பகத்தின் நாக்கில் வரிசையாக நின்றது. ஒன்றைச் சொல்லிவிட்டுக் கல்லைப் போட்டுவிட்டால் போதும், ஊர் அவளை அக்காள்தங்கச்சிக்கு மேலே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். முப்புடாதி இவளைப் பார்க்கவே இல்லை. தூக்கைப் பார்த்தபடி, "சொல்லு ராசா, சொல்லு" என்று பிள்ளையிடம் பேசுகிறமாதிரி பேசிக்கொண்டிருந்தாள். பதினொன்று ஐந்து. பதினொன்று இருபது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், மணல்மேட்டில் யாரும் இல்லாத திசையைப் பார்த்துக் கூப்பிடுகிறமாதிரி கூப்பிட்டது. பதினெட்டு நாளும் இப்படித்தானே கூப்பிட்டது, நான்தானே வாயைப் பொத்தினேன் என்று நினைத்தாள் செம்பகம்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு மடியிலிருந்த கல் தரையில் விழுந்து உருண்டது.

"சைரன் ஊதலக்கா" என்றாள். "வயரு அறுந்து அன்னைக்கே பதினெட்டு நாளாச்சு. அது சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. சத்தம் தாங்கலன்னு சாரு சொன்னாரு, நான்தான் வாயை அடைச்சேன். இந்தக் கையாலதான். ஊதுச்சுன்னு பதிவுல வந்தது பொய்யி, அதுவும் நான் எழுதுனதுதான். அவுகளுக்கு ஒண்ணும் கேக்கலக்கா. அவுக நிக்கல. தண்ணி வருதுன்னே அவுகளுக்குத் தெரியாது."

தூக்குச்சட்டி, "ஆடி இருபது, பதினொன்று நாற்பது. சைரனை ஊதச் சொன்னேன். மறுமுனையில் யாரும் இல்லை" என்றது. அதற்கப்புறம் அது பேசவில்லை. வெள்ளோடையில் எந்தப் பாத்திரமும் அதற்கப்புறம் பேசவில்லை.

முதலில் முப்புடாதி முகத்தில் வந்தது கோபம் இல்லை. "அப்ப அவுக எம்மேல கோவத்துல நிக்கல" என்றாள். "வீட்டுக்கு வரத்தான் இருந்திருக்காக." அதைச் சொன்னபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, மூன்று மாதமாக வராத அழுகை, வாய்விட்டுக் கதறினாள். செம்பகம் தொடப்போனாள். முப்புடாதி கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட கையையே பிறகு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நகம் பதிய, "தலைவாரிவிட்டியேடி" என்றாள். "இதை வயித்துல வச்சுக்கிட்டு எனக்குத் தலைவாரிவிட்டியேடி."

செம்பகம் மறுநாளே டீக்கடை முன்னால் நின்று ஊருக்குச் சொன்னாள். "போடி அங்கிட்டு, நாங்கதான் காதால கேட்டோமே" என்றார் ஆவுடையப்பன். அலுவலகத்தில் சொன்னாள். அருமைநாயகம் பதிவைத் திறந்து, "ஊதப்பட்டதுன்னு போட்டிருக்கேம்மா" என்று விரல் வைத்துக் காட்டினார். எழுதிக் கொடுத்தாள், வாங்கி மேஜைக்குள் வைத்தார். இரண்டாம் வாய்க்கு இப்போது செம்பகம் ஒரு கோப்பு வைத்திருக்கிறாள், இரட்டை அம்புக்குறி போட்டு. ஒற்றைக் குறி போட்டால் புதிசு பழசை அழித்துவிடும், இரட்டை போட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேரும், எதுவும் அழியாது. அதைத் தினமும் அவள் ஒருத்திதான் படிக்கிறாள். ஊர்ப் பாத்திரங்களில் கல் அப்படியே கிடக்கிறது. பேச்சு நின்றுவிட்டது என்று சொன்னாலும் யாரும் எடுப்பதாக இல்லை, எடுத்துப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

தூக்குச்சட்டி பேச்சை நிறுத்திய அன்று, அவளை அனுப்பும்போது முப்புடாதி ஒன்று சொன்னாள். "நாளைக்குப் பதினொண்ணு நாப்பதுக்கு வா. வந்து இன்னைக்குச் சொன்னியே, அதைச் சொல்லு."

"எத்தன நாளைக்குக்கா?"

"எனக்குக் கேட்டு முடியுற வரைக்கும்."

அப்படியே போனாள். தினமும் பதினொன்று நாற்பதுக்கு வேலைக்கு நடுவே வந்து வாசலில் நின்று, "சைரன் ஊதலக்கா, அவுகளுக்குக் கேக்கல" என்பாள். முப்புடாதி அரிசி புடைத்துக்கொண்டோ வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டோ கேட்டுவிட்டு, "சரி, போ" என்பாள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, தை அறுப்பும் முடிந்தது. மாசியில் ஒருநாள் முப்புடாதி பானையிலிருந்து சுடுசோற்றை அள்ளி அந்தத் தூக்குச்சட்டி நிறைய வைத்து, மேலே குழம்பை ஊற்றி, மூடியை அழுத்தி மூடினாள். அதைத் தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போனாள். போகும்போது செம்பகத்தைத் திரும்பிப் பார்த்து, "நாளைக்கு வரவேண்டாம். எனக்குக் கேட்டுருச்சு" என்றாள்.

மறுநாள் பதினொன்று நாற்பதுக்குச் செம்பகம் கட்டுப்பாட்டு அறையில்தான் இருந்தாள். திரையில் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது, சைரன் மறுமுனையில் இருந்தது, மேஜைமேல் அவள் குடித்துவைத்த காலி டம்ளர் இருந்தது. அதில் இன்னும் கல் போடவில்லை. அவள் அதைக் கையில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "சைரன் ஊதலக்கா" என்றாள்.